பைபிள் உவமைகளில் உங்களை அதிகம் குழப்பியது எது?

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சத்தோட்டக் கூலியாட்கள். குழப்பம்கூட இல்லை, கோபம்தான் வந்தது.

கதை தெரியாதவர்களுக்கு: தோட்டக்காரன் ஒருவன் விடியற்காலையில் கடைத்தெருவுக்குப் போய், நாளுக்கு ஒரு பணம் என்று கூலி பேசி ஆட்களை அழைத்து வருகிறான். 9 மணிக்கும் 12க்கும் 3க்கும் போய் இன்னும் சிலரை அழைக்கிறான். கடைசியாக மாலை 5 மணிக்கும் சிலரைக் கூட்டி வருகிறான். பொழுது சாய்ந்ததும் எல்லோருக்கும் அதே ஒரு பணம். அதுவும் கடைசியில் வந்தவனுக்கு முதலில். விடியற்காலையிலிருந்து உழைத்தவர்கள் இதைப் பார்த்து முணுமுணுக்கிறார்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு எல்லாம் ஷிப்ட் கணக்கு. 8 மணி நேரம் நின்றால் ஒரு ஷிப்ட், இரவு வரை நின்றால் ஒன்றரை. சனிக்கிழமை சம்பளத்தில் அரை ஷிப்ட் விடுபட்டுப் போனால் சூப்பர்வைசரிடம் போய் நிற்பேன். அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தப் பிரசங்கத்தை எப்படிப் பொறுமையாகக் கேட்பது? முணுமுணுத்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்று வாலிபர் கூட்டத்தில் சொன்னேன். "இது கூலிக் கணக்கு அல்ல தம்பி, பரலோக ராஜ்ஜியம்" என்றார் போதகர் ஐயா. அவர் சொன்னது சரிதான், ஆனால் எனக்கு இறங்கவில்லை.

"நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா" என்று தோட்டக்காரன் கேட்கிறான். வன்கண்ணன் என்றால் ரவுடி என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அடுத்தவனுக்குக் கிடைப்பதைக் கண்டு பொறுக்காத கண் அது. நாம் கண் வைப்பது என்கிறோமே, அதற்கு அக்கம்பக்கத்துச் சொல்.

என் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். காலை 6 மணிக்கே தூக்குப்போசியோடு நாற்சந்தியில் போய் நிற்பார். மேஸ்திரிகள் வண்டியை நிறுத்தி, வயசுப் பையன்களாகப் பார்த்து ஏற்றிக்கொண்டு போவார்கள். போன ஆடியில் ஒருநாள் நான் காய்ச்சலென்று வீட்டில் இருந்தேன். 11 மணி வாக்கில் அப்பா திரும்பி வந்தார். "இன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை கண்ணு" என்றபடி திண்ணையில் உட்கார்ந்து, வேலைக்கென்று அம்மா கட்டிக்கொடுத்திருந்த சோற்றை அங்கேயே திறந்து சாப்பிட்டார். தயிர் இன்னும் புளித்திருக்கவில்லை.

சாயங்காலம் வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன். பகல் முழுக்க ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள் அந்த 5 மணி ஆட்கள். எத்தனையோ முறை வாசித்த வரி. அவர்களைச் சோம்பேறிகள் என்று நானாகவே முடிவு கட்டியிருக்கிறேன். அரைக்கால் பணத்தைக் கொண்டுபோனால் வீட்டில் அரைக்கால் வயிறா பசிக்கும்?

கோபம் முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். "என்னுடையதை நான் என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரமில்லையா" என்ற அந்த வசனத்தைக் கேட்டால், போனஸைக் குறைக்கிற முதலாளியின் குரல்தான் இன்றும் காதில் விழுகிறது. மறுநாள் காலையில் அந்தத் தோட்டத்துக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்பதும் தெரியவில்லை.

அப்பாவிடம் கதையைச் சொல்லிக் கேட்டேன். கூலியைப் பற்றி அவர் பேசவே இல்லை. "5 மணி வரைக்குமா நின்றார்கள்?" என்றார். "நானெல்லாம் 11 மணிக்கே வந்துவிடுகிறேனே."