330 நாள் கூலி

வணக்கம் சார்,

ஹரியானாவில் மானேசர் மாருதி கார் ஆலையில் 2012 ஜூலையில் நடந்த கலவரம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தீயில் சிக்கி ஓர் அதிகாரி இறந்திருக்கிறார். நீங்களோ தொழிலாளர்களுக்காக மட்டும் உருகுகிறீர்கள். வன்முறையில் இறங்கியவர்கள் விளைவை அனுபவிக்கத்தானே வேண்டும்?

ஒரு வாசகர், குன்னூர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மனிதர் இறந்தது கொடுமை. அதில் நமக்குள் வழக்கே இல்லை. நான் ஒருதலைப்பட்சமானவன் என்பது பழைய புகார், விடுங்கள்.

ஆனால் 'இறங்கியவர்கள்' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! தீர்ப்பைப் பற்றி ஒரு வரியாவது படித்தீர்களா? விசாரிக்கப்பட்டவர்கள் 148 பேர். 2017 மார்ச்சில் 117 பேர் விடுதலை. அவர்களில் பலர் அதற்குள் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டார்கள்.

சில நாட்களாகவே அப்பா நினைப்பாக இருந்தது. உங்கள் கடிதம் வேறு வந்து சேர்ந்தது. பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் 22 வருடம் கவாத்து வெட்டியவர். போனஸ் ஸ்டிரைக்கில் யாரோ எறிந்த கல்லில் ஆபீஸ் ஜன்னல் உடைந்தது, கிளார்க் ஒருவருக்கு நெற்றியில் தையல். அந்நேரம் அப்பா, காய்ச்சலில் கிடந்த தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரி வரிசையில் நின்றிருந்தார். கல்லெறிந்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. சங்க நோட்டீஸில் முதலில் இருந்த பெயர் எல்லாருக்கும் தெரியும்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கட்டைவிரல் மையை வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

"என்ன எழுதியிருந்துச்சு?" என்றாள் அம்மா.

"இங்கிலீஷு. நான் வந்ததுக்கு அடையாளமாம்."

அது குற்றத்தை ஒப்புக்கொண்ட தாள். கலவரம், வன்முறை என்று சொல்லி வேலையிலிருந்து நீக்கினால், வேலையை விட்டுப் போகையில் தரவேண்டிய பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியை, முழுசாகவே பறிக்க 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருந்தது, பிரிவு 4(6). வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்றால் 22 வருடத்துக்கு 330 நாள் கூலி, கணக்குப் போட்டுப் பாருங்கள். லயத்து வீடும் வேலையோடு ஒட்டியது, அதுவும் போனது. போலீஸ் கேஸில் அப்பா பெயரே இல்லை ஐயா! கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். எஸ்டேட் விசாரணைக்கு, செய்திருப்பான் என்று தோன்றினாலே போதும். நீங்கள் சொல்லும் 'விளைவு' அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது.

அப்புறம், அப்பாவும் உங்கள் கட்சிதான். "கண்ணாடியை உடைச்சது தப்புதான்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அடுப்படியிலிருந்து அம்மா கேட்பாள்: "நீங்களா உடைச்சீங்க?"