ஊசியால் குறைந்த எடை திரும்பாமல் இருக்க

அக்கா, செமாகுளூட்டைட் ஊசியில் பதினொரு கிலோ குறைந்துவிட்டது, பசியே இல்லாததால் பகல் முழுக்கத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும்தான், ஊசியை நிறுத்தினால் எடை திரும்பி ஏறுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஏறும். 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மருந்தை விட்டவர்களுக்கு ஓராண்டில், குறைந்த எடையில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அது மனத்திடக் குறைவு இல்லை, மருந்து அடக்கி வைத்திருந்த பசி திரும்ப வருகிறது, அவ்வளவுதான். அதனால் நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரோடு பேசியே முடிவெடுங்கள்.

எனக்குப் பெரிய கவலை அந்தப் பிஸ்கட்தான். இப்படிப் புரதம் இல்லாமல் சாப்பிட்டால் கொழுப்போடு தசையும் கரையும். வயிறு சீக்கிரம் நிறைந்துவிடுவதால் எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம்: விரால் கறி என்றால் முதலில் இரண்டு துண்டு மீன், அப்புறம் முருங்கையிலை வறை, கடைசியில் இடமிருந்தால் சோறு. காலையில் புட்டைக் குறைத்து அவித்த முட்டையோ கௌபியோ சேருங்கள். குமட்டல் இருக்கும் நாளில் எண்ணெயில் பொரித்ததைத் தொடவே வேண்டாம். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும்தானே, பழுதான சிறுநீரகத்துக்குக் கூடிய புரதம் சுமை, ஆகவே மீன், முட்டையைக் கூட்டுவதற்கு முன் சிறுநீரகம் எப்படி என்று ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இந்த வெயிலுக்குத் தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள், மலச்சிக்கலுக்கும் அது உதவும். தினமும் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி, திரும்ப உட்காருங்கள், தசைக்கு நல்லது. வயிற்றுவலி கடுமையாகி முதுகுக்குப் பரவினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.