சீசரின் இனமும் பெரியப்பாவின் கேற்றும்

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் நான்காவது வீடு என் கணவருக்குப் பெரியப்பா முறையானவருடையது. பிள்ளைகள் கனடாவில். வீட்டில் அவரும் பெரியம்மாவும் மட்டும்தான். கள்வர் பயத்தில் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு றொட்வைலர் குட்டி வாங்கிச் சீசர் என்று பெயர் வைத்தார்கள். மூன்று கிழமைக்கு முன் என் பத்து வயது மகன் ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும்போது, சாத்தாமல் கிடந்த கேற்றால் சீசர் பாய்ந்து வந்து அவனுடைய கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அம்மா மஞ்சள் வைத்துக் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா. ஏழு தையல். "அது விளையாட்டுக்குப் பிடிச்சது. ஊசி எல்லாம் போட்ட நாய்" என்று பெரியப்பா சொன்னதை நம்பி, இரண்டு ஊசியோடு விட்டுவிட்டோம். சீசர் இப்போதும் நல்ல சுகமாகத்தான் இருக்கிறது. சனசமூக நிலையத்துப் பெடியள், "றொட்வைலர், பிற்புல், அல்சேசன் நாய்களைப் பிரதேச சபை எல்லைக்குள் வளர்க்கத் தடை செய்ய வேண்டும்" என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். லண்டனில் இருக்கும் தம்பி, "இங்கை உப்பிடியான நாயளைத் தடை செய்தாச்சு, நீங்களும் செய்யுங்கோ" என்கிறான். கணவரோ சொந்தத்தைப் பகைக்க வேண்டாம் என்கிறார். நான் கையெழுத்து வைக்கலாமா?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: தங்கச்சி, மனு ஓடிப்போகாது. முதலில் அந்த ஆஸ்பத்திரித் துண்டை எடுங்கள். தவறவிட்ட திகதி அதில் எழுதியிருக்கும். துண்டையும் மகனையும் கூட்டிக்கொண்டு ஊசி போட்ட இடத்துக்கே நாளைக் காலையில் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மிச்ச ஊசி வேண்டுமா, வேண்டாமா என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். பெரியப்பா அல்ல, நானும் அல்ல. கடித்த நாய் இரண்டு கிழமைக்குப் பிறகும் சுகமாகத் திரிந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் விசர்க் கிருமி இருந்திருக்காது என்பது வைத்தியர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு. சீசர் சுகமாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்த வரியைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்த இரண்டு கிழமையும் நீங்கள் எதை நம்பி இருந்தீர்கள்? ஒரு வாய்ப்பேச்சை. ஊசி போட்ட நாய்க்குத் திகதி எழுதிய அட்டை இருக்க வேண்டும். அதை வாங்கிப் பாருங்கள். விசர் நோய் கடித்து ஒரு மாதத்திலும் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். அறிகுறி தொடங்கிய பிறகு ஆளைக் காப்பாற்றுவது அநேகமாக நடக்காத காரியம்.

மஞ்சள் விஷயத்தையும் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நாய் கடித்தால் மஞ்சளும் வேண்டாம், கோப்பித்தூளும் வேண்டாம், தேசிக்காயும் வேண்டாம். பைப்பைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவினால்தான் பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். நாங்கள் எல்லோரும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிற ஆட்கள்.

சரி, இனி லண்டன் தம்பி. பிரித்தானியாவில் 1991இல் ஆபத்தான நாய்கள் சட்டம் வந்தது. அதில் நான்கு வகை நாய்களுக்குத் தடை: பிற்புல் ரெறியர், ஜப்பானிய ரோசா, டோகோ ஆர்ஜென்ரீனோ, ஃபிலா பிரசிலேரோ. பிறகு எக்ஸ்.எல். புல்லி என்ற பெரிய நாயால் சாவுகள் அடுத்தடுத்து நடக்க, அதையும் பட்டியலில் சேர்த்தார்கள். 2024 பெப்ரவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். இப்போது தம்பியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஐந்தில் றொட்வைலர் எங்கே? இல்லை. சீசரை நாளைக்கே லண்டனுக்குப் பிளேன் ஏற்றிவிட்டாலும் அந்தப் பட்டியல் அதைத் தொடாது.

தொடக்கூடியது அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எந்த இனமாக இருந்தாலும், பொமேரியனாக இருந்தாலும், கட்டுப்பாடில்லாமல் ஆபத்தாக நடந்துகொண்டால் நாயை வைத்திருப்பவர் குற்றவாளி என்கிறது அந்தப் பிரிவு. 2014இல் அதை வீட்டு வளவுக்குள்ளும் செல்லும்படி விரித்தார்கள். பெரியப்பா லண்டனில் இருந்திருந்தால் அவரைக் கோட்டுக்கு இழுத்திருக்கக்கூடியது இதுதான்.

இனத்தைப் பிடித்துச் சட்டம் போட்டால் அடுத்த சில்லெடுப்பு, இது அந்த இனம்தானா என்பது. எக்ஸ்.எல். புல்லிக்கு அவர்கள் அளவுநாடா பிடிக்கிறார்கள். ஆண் நாய் தோள்வரை 51 சென்ரிமீற்றர், பெண் நாய் 48, அதோடு தலை இப்படி, நெஞ்சு இப்படி என்று ஒரு விவரணம். இதை எங்கள் ஊரில் நினைத்துப் பாருங்கள். அல்சேசன் பேரன், பொமேரியன் பேத்தி என்று எல்லாம் கலந்து கிடக்கிற ஒழுங்கைகளில், பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) நாடாவோடு வந்து எந்த நாயின் காதை அளப்பார்? "இது அல்சேசன் இல்லை ஐயா, காது பாருங்கோ மடிஞ்சு கிடக்கு" என்று சொல்லாத ஆள் இருப்பாரா?

நெதர்லாந்து 1993இல் பிற்புல்லைத் தடை செய்தது, கடி குறையவில்லை என்று 2008இல் கைவிட்டது. இந்தியாவில் 2024 மார்ச்சில் மத்திய அரசு றொட்வைலர் உட்பட 23 இனங்களுக்கு எதிராகச் சுற்றறிக்கை விட்டது. அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. அதற்கடுத்த மாதம், மே மாதத்தில், சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு றொட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறின. தடை வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இந்த ஒரே சம்பவத்தைத்தான் இரண்டு பக்கமும் தூக்கிக் காட்டினார்கள்.

இதற்காக, இனம் ஒன்றுமே இல்லை, எல்லாம் வளர்ப்புத்தான் என்று சொல்லும் நாய்ப்பிரியர்களோடு நான் சேரவில்லை. வளர்ந்த ஆண் றொட்வைலர் ஐம்பது கிலோ வரும். உங்கள் மகன் என்ன நிறை, முப்பது இருப்பானா? ஊர்நாய் கடித்தால் அநேகமாகக் கடித்துவிட்டு ஓடும். இது பிடித்தால் தொங்கும். அதாவது ஊர்நாய் வைத்திருப்பவர் விடுகிற அதே பிழையைப் பெரியப்பா விட்டால் விலை பத்து மடங்கு. அதனால் பெரிய நாய்க்குப் பெரிய கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கட்டுப்பாடு போடப்பட வேண்டியது கேற்றுக்கு.

நானும் நாய் வளர்த்துத் தலைகுனிந்தவன்தான். எங்கள் வீட்டில் வீரன் என்று ஒன்று நின்றது. சுத்தமான ஊர்நாய், மெலிஞ்சான். மீன்காரர் ஹோர்ன் அடித்தால் குரைப்பான். "குரைக்கிற நாய் கடிக்காது" என்று நானே அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் சூடை மீன் நிறுத்துக்கொண்டு நின்ற மனிசனின் முழங்காலுக்குக் கீழே கவ்விவிட்டான். குரைத்துக்கொண்டே வந்துதான் கடித்தான். அன்றைக்கு எங்கள் கேற்றின் கீழ்க்கொண்டி உடைந்து மூன்று மாதம். ஒரு சீமெந்துக் கல்லை முண்டு கொடுத்து வைத்திருந்தோம். யாரோ கல்லைத் தள்ளிவிட்டுச் சாத்தாமல் போய்விட்டார்கள். அந்த மீன்காரர் பிறகு எங்கள் வாசலில் நின்றதே இல்லை. அடுத்த ஒழுங்கை முடக்கு வரை நாங்கள்தான் சட்டியோடு போனோம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் என் கண் நின்றது. "கள்வர் பயத்தில்" என்றது ஒன்று, "சாத்தாமல் கிடந்த கேற்றால்" என்றது மற்றது. கள்வருக்காக வளர்க்கும் நாயை நம்மவர்கள் எப்படி வளர்க்கிறார்கள்? பகல் முழுக்கக் கூட்டுக்குள் அல்லது சங்கிலியில். இரவில் அவிழ்த்துவிடுவது. வெளியாரை அண்ட விடுவதில்லை, "பழகினால் காவல் காக்காது" என்று. குட்டியாக இருந்த முதல் மூன்று மாதத்தில்தான் ஒரு நாய் உலகத்தைப் படிக்கிறது. குழந்தை, சைக்கிள், குடை, ஓட்டோ எதுவும் பயப்பட வேண்டியதில்லை என்று அது கற்க வேண்டிய காலத்தில், சீசர் கம்பிக்கூட்டைத்தான் பார்த்திருக்கும். அப்படி வளர்ந்த நாய்க்கு முன்னால் ஒரு பெடியன் சைக்கிளில் விர்ரென்று போனால் துரத்தாமல் என்ன செய்யும்?

பெரியப்பாவிடம் கணவரோடு சேர்ந்து போங்கள். அவர் பிள்ளைகள் கனடாவிலிருந்து போன் எடுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வேறொரு பின்னேரம். கையில் துண்டு இருக்கட்டும். பேச்சை இப்படித் தொடங்கலாம்: "பெரியப்பா, நாயைத் துரத்தச் சொல்லி நாங்கள் வரேல்லை. கேற்றைப் பற்றிக் கதைக்க வந்தனாங்கள்." தானாகச் சாத்திக்கொள்ளும்படி கேற்றுக்கு ஸ்பிரிங் பூட்டலாம். இன்னும் நல்லது, உள்ளுக்குள் இரண்டாவது படலை ஒன்று. ஒன்று திறந்தாலும் மற்றது நிற்கும். ஒழுங்கைக்குக் கொண்டுவந்தால் வாரும் வாய்க்கூடும். கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றி மிருக வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள். கருத்தடை செய்யாத ஆண் நாய்கள்தான் கூடுதலாகக் கடிக்கின்றன. பெரியம்மாவையும் அந்தக் கதையில் இருத்துங்கள். இரவில் சீசரை அவிழ்த்துவிட்டு விடிய முற்றம் கூட்ட இறங்குகிறவ அவதானே. அவவுக்கு உங்களைவிடப் பயம் இருக்கலாம், சொல்லாமல் இருக்கிறா.

கேட்டால் சரி. "எங்கடை நாய் ஒண்டும் செய்யாது" என்று திரும்பவும் சொன்னால், அடுத்த படி பிஎச்ஐ. அதற்கும் அசையாவிட்டால் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். சொந்தம் முறிந்துவிடும் என்று உங்கள் கணவர் பயப்படுவது எனக்கு விளங்குகிறது. ஆனால் அடுத்த கடி வேறு வீட்டுப் பிள்ளைக்கு விழுந்தால், "உங்களுக்கு முதலே தெரியும்தானே" என்று ஊர் கேட்பது உங்களைத்தான்.

மனுவுக்கு வருகிறேன். இப்போது இருக்கிறபடி என்றால் நான் கையெழுத்து வைக்க மாட்டேன். நாளைக்கு அந்த மனு வென்றால் என்ன நடக்கும்? மூன்று இன நாய்கள் இரவோடிரவாகச் சுடலைப் பக்கமோ வெளிப் பக்கமோ இறக்கிவிடப்படும். பிறகு அவை கட்டாக்காலி. கேற்றே இல்லாத றொட்வைலர். வேறொரு ஊர்ப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சனசமூக நிலையத்துக்குப் போய், அந்த ஒரு வசனத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். நாய்ப் பதிவுக்கான சட்டம் இந்த நாட்டில் 1901இலேயே வந்துவிட்டது. விசர் நோய்க்கானது அதற்கும் முந்தியது, 1893. புதுச் சட்டம் கேட்கத் தேவையில்லை. எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு நாயையும் பதிய வேண்டும், ஊசி அட்டையைப் பார்க்க வேண்டும், ஆளில்லாமல் ஒழுங்கைக்கு வரும் எந்த நாய்க்கும் சொந்தக்காரரே பதில் சொல்ல வேண்டும், பெரிய நாய் வளர்ப்பவரின் மதிலையும் கேற்றையும் சபை வந்து பார்க்க வேண்டும் என்று எழுதட்டும். அப்படி எழுதினால் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். இரண்டாவதைப் பெரியப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. இனத்தைத் திட்டாத மனுவில் அவர் கையெழுத்து வைக்க இடமிருக்கிறது.

கடைசியாக மகன். அந்த ஒழுங்கையால் சைக்கிளில் போக மாட்டேன் என்கிறானா? கட்டாயப்படுத்த வேண்டாம், "ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன பயம்" என்ற கதையும் வேண்டாம். நாய் துரத்தினால் வேகமாக மிதிப்பது பிழை என்று சொல்லிக் கொடுங்கள். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் தனக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல், பூவரசங் கதிகால் மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூட வேண்டும். முற்றத்தில் இரண்டு மூன்று தரம் விளையாட்டாகச் செய்து பார்க்கலாம், நீங்கள் நாயாக வாருங்கள். பிறகு கொஞ்ச நாளைக்கு ரியூசன் விடும் நேரத்தில் முடக்கு வரை போய் நில்லுங்கள், ஸ்பிரிங் பூட்டின கேற் சாத்துகிற சத்தம் அவனுக்குப் பழகும் வரைக்கும்.