மாமா ஏன் கார் வாங்கினார்?

அன்புள்ள ஐயா,

தேனிப் பக்கம் சொந்த ஊர், சென்னையில் வேலை. கார்பனைக் குறைக்க வேண்டும் என்று விமானத்தை விட்டுவிட்டு இப்போது பாண்டியன் எக்ஸ்பிரஸில்தான் மதுரை போகிறேன். "நீ ஏறாவிட்டாலும் விமானம் பறக்கத்தான் செய்யும்" என்று நண்பன் சிரிக்கிறான். ஊரில் மாமாவோ எதற்கெடுத்தாலும் காரை எடுக்கிறார், சொன்னாலும் கேட்பதில்லை. தனி ஆள் மாறினால் பயன் உண்டா?

அன்புள்ள தம்பி,

உண்டு. தொடர்ந்து ஆள் குறைந்தால் அந்தத் தடத்தில் விமானமும் குறையும், உடனே கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பறக்க வெட்கப்படுகிறோம் என்று ஸ்வீடன்காரர்கள் கிளம்பிய 2019-இல் அங்கே விமானப் பயணிகள் குறையத்தான் செய்தார்கள். அதற்கு முந்தைய வருஷமே அரசு விமான வரி போட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நண்பர் சிரித்தால் சிரிக்கட்டும்.

மாமாவைப் பற்றி எழுதினீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நாளாக இதே நினைப்பாகத்தான் இருக்கிறேன். மீட்டர் கேஜ் என்கிற குறுகலான தண்டவாளத்தில் ஓடிய மதுரை–போடி ரயிலை, அகலப்பாதை போடுகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்தினார்கள். தேனிக்குத் திரும்ப ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். மொத்தமே 90 கிலோமீட்டர்! அந்தப் பதினோரு பன்னிரண்டு வருஷமும் பிரசவத்துக்கும் கல்யாணத்துக்கும் மதுரை பெரியாஸ்பத்திரிக்கும் சனம் எதில் போயிருக்கும்? பஸ்ஸில் நின்றுகொண்டு போனார்கள், வேன் பிடித்தார்கள், கையில் நாலு காசு சேர்ந்ததும் உங்கள் மாமா மாதிரி கார் வாங்கினார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்த மனுஷனிடம் போய்க் கார்பன் கணக்குக் கேட்பது என்ன நியாயம்?

அந்தப் பழைய ரயிலில் நான் போயிருக்கிறேன். ஆண்டிபட்டிக் கணவாயில் பாறையைக் குடைந்து வெட்டிய இடத்தில் நுழையும்போது "கையை உள்ளே இழுடா" என்று அம்மா அதட்டுவாள். சீட்டுக்கு அடியில் யாரோ ஏலக்காய்ப் பையைத் தள்ளி வைத்திருப்பார்கள், பெட்டி முழுக்க அந்த வாசம்தான். பூமியைக் காப்பாற்ற வேண்டும் என்று அதில் ஒருவரும் ஏறவில்லை. டிக்கெட் மலிவு, வண்டி இருந்தது, ஏறினார்கள்.

ஒரு ஆளால் எவ்வளவு கார்பன் காற்றில் கலக்கிறது என்று பார்க்கிற 'கார்பன் தடம்' கணக்கை ஊரெல்லாம் பரப்பியதில் பிபி என்ற எண்ணெய்க் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. எண்ணெய் விற்கிறவன் கொடுத்த தராசில் சொந்த மாமாவை நிறுக்காதீர்கள், தம்பி. நீங்கள் நல்ல பிள்ளை, ரயிலிலேயே போங்கள். அப்புறம், போடி ரயிலைச் சென்னையிலிருந்து விட்டபோது வாரத்துக்கு மூன்று நாள்தான் விட்டார்கள். அதைத் தினமும் ஓட்டச் சொல்லி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதுங்கள், மாமாவிடமும் கையெழுத்து வாங்குங்கள். திண்டுக்கல்–குமுளி ரயில் பாதையையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.