12×25 வேண்டாம், 8×25 எடுங்கள்

உங்கள் 10×25 பைனாகுலரில் காட்சி நடுங்குகிறது, மாலையில் மங்குகிறது, 12×25-க்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள்; மாறாதீர்கள். (முதல் எண் உருப்பெருக்கம்; இரண்டாவது, முன்வில்லையின் விட்டம் மி.மீ.-இல்.) அந்த நடுக்கமும் மங்கலும் 12×25-இல் இன்னும் கூடும் என்பதால், அதே விலையில் 8×25 எடுப்பதே நல்லது.

முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 8×25-இல் அது சுமார் 3.1 மி.மீ., 12×25-இல் 2.1 மி.மீ. மட்டுமே. இந்த அகலம் குறைந்தால் மாலையில் காட்சி மங்கும். கைநடுக்கமும் உருப்பெருக்கத்தோடு சேர்ந்தே பெரிதாகத் தெரியும்.

வாங்கும் முன், கருவியைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளி, வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்து, கண்வில்லையில் தெரியும் ஒளிவட்டத்தைப் பாருங்கள். அது முழுவட்டமாக இல்லாமல் ஓரங்கள் வெட்டுண்டு சாம்பல் நிழல் படிந்திருந்தால், உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டியான பட்டகத்தில் சிக்கனம் செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஆனால் 8×25-உம் அந்தி மங்கலை முழுதாகத் தீர்க்காது; அதற்குச் சற்றுக் கனமான 8×32 தேவைப்படும்.