அனுப்பியதா, விற்றதா?

கேள்வி: மடிக்கும் போன்தான் இனி எதிர்காலம் என்கிறான் என் மகன். ஏதோ சந்தை அறிக்கையையும் காட்டுகிறான். நம்பலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த அறிக்கையில் இருப்பது விற்ற எண்ணிக்கையா, அனுப்பிய எண்ணிக்கையா என்று முதலில் கேளுங்கள். செய்தியில் வரும் போன் கணக்குகள் பெரும்பாலும் நிறுவனம் கடைகளுக்கும் விநியோகஸ்தர்களுக்கும் அனுப்பிய பெட்டிகளின் கணக்குதான். பெட்டி அலமாரியில் தூங்கினாலும் கணக்கில் ஏறிவிடும்.

நான் சூடுபட்டுத் தெரிந்துகொண்டது இது. 2010இல் திருச்சியில் ஒரு டிவி கடையில் வேலை பார்த்தேன். அந்த வருடம்தான் சாம்சங், சோனி, பானசோனிக் எல்லாம் 3டி டிவியைக் களமிறக்கின. "இனி எல்லா வீட்டிலும் இதுதான்" என்று நானே அடித்துப் பேசினேன். கண்ணாடியை மாட்டிப் பார்த்தவர்கள் "அட!" என்றார்கள், அப்புறம் சாதா டிவிக்குத்தான் பில் போடச் சொன்னார்கள். ஒரு அம்மா கேட்டார்: "வீட்டில ஏழு பேர், கண்ணாடி ரெண்டுதானா தம்பி?" நான் படித்த எந்த அறிக்கையிலும் அந்தக் கேள்வி இல்லை. 2017இல் சோனியும் எல்ஜியும்கூட புது டிவிகளில் 3டியைக் கைவிட்டன.

மடிக்கும் போனுக்கும் இதே கதி என்று சொல்லவில்லை. சாம்சங் 2019இல் கொண்டுவந்து இன்னும் விற்கிறது. ஆனால் மொத்த ஸ்மார்ட்போன் சந்தையில் அதன் பங்கு மிகச் சின்னது. "இரு மடங்கு வளர்ச்சி" என்றால், எதிலிருந்து இரு மடங்கு என்று பாருங்கள். அப்படியே, ஒரு வருடம் ஓடிய மடிக்கும் போனை என்ன விலைக்கு எடுப்பார் என்று பழைய போன் கடைக்காரரிடம் மகனை விசாரித்துவரச் சொல்லுங்கள்.