மகன் எந்நேரமும் ‘கெர்னல், கெர்னல்’ என்கிறான், வேலை கிடைக்குமா?

பல்லாவரத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகன் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் வெப், ஏஐ என்று கோர்ஸில் சேர்ந்துகொண்டிருக்க, இவன் மட்டும் ‘எந்தெந்த பிராசசரில் கெர்னல் மெமரியை எப்படி மேப் செய்கிறது’ என்று ராத்திரி வெகுநேரம் கறுப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறானாம். கேம்பஸ் இன்டர்வியூ நெருங்குகிறது. தடுக்கலாமா, விடலாமா?

தடுக்காதீர்கள் ஐயா. அதற்காக அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். உண்மையிலேயே படிக்கிறானா, வீடியோ பார்த்துவிட்டுப் படித்ததாக நினைத்துக்கொள்கிறானா என்பதுதான் இங்கே கேள்வி. அதை நீங்களே சோதித்துவிடலாம். கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில், விஷயம் என்ன என்று கொஞ்சம். கெர்னல் என்பது லினக்ஸ் போன்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் (ஓஎஸ்) மையப் பகுதி; மெமரியை நிர்வகிப்பது அதுதான். சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புது எண் என்று இரண்டு இருக்கிறதே, மெமரியிலும் அப்படித்தான். ரேமில் ஓர் இடத்துக்கு இருக்கும் நிஜ முகவரி ஒன்று, புரோகிராம் அதைக் கூப்பிடும் முகவரி வேறொன்று. மெமரியைப் ‘பேஜ்’ என்ற சம அளவுத் துண்டுகளாகப் பிரித்து, எதற்கு எது என்று பேஜ் டேபிள் என்ற பட்டியலில் எழுதிவைப்பது கெர்னலின் வேலை; மேப் செய்வது என்பது இதைத்தான். அதைப் பார்த்து முகவரியை மாற்றிக்கொள்வது பிராசசரின் வேலை. அந்த டேபிள் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதும் பிராசசர்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கேட்கும்.

பழைய 32 பிட் இன்டெல் மெஷினில் மொத்த முகவரி இடமே 4 ஜிபி. லினக்ஸ் வழக்கமாக அதில் 3 ஜிபியைப் புரோகிராமுக்கு விட்டுவிட்டு, 1 ஜிபியைத் தனக்கு வைத்துக்கொள்ளும். அந்த ஒன்றிலும் ரேமின் முதல் 896 எம்பிதான் நிரந்தரமாக மேப் ஆகும். அதற்கு மேல் ரேம் இருந்தால், தேவைப்படும்போது மேப் செய்து, வேலை முடிந்ததும் விட்டுவிட வேண்டும். 64 பிட் வந்ததும் இந்தத் தலைவலி தீர்ந்தது. ரேம் முழுவதையும் ஒரே நீட்டாக மேப் செய்துகொள்ள இடம் கிடைத்தது. மிப்ஸ் என்ற இன்னொரு வகை 32 பிட் சிப்பில் கதையே வேறு: முதல் 512 எம்பியை டேபிளே இல்லாமல் தொடுவதற்கென்று ஒரு முகவரிப் பகுதியை ஹார்டுவேரிலேயே ஒதுக்கிவிட்டார்கள். செல்போன்களில் இருக்கும் 64 பிட் ஆர்ம் சிப்பில் கெர்னலுக்கு ஒரு டேபிள், புரோகிராமுக்கு ஒரு டேபிள் என்று, பிராசசருக்குள்ளேயே இருக்கும் இரண்டு ரிஜிஸ்டர்கள் (சிறு நினைவிடங்கள்) தனித்தனியாகக் காட்டும்.

இதெல்லாம் வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். 2018 ஜனவரியில் பிராசசர்களில் மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது, புரோகிராம் ஓடும்போதும் கெர்னலின் மேப் அதே டேபிளில் கூடவே இருந்ததுதான் பிரச்சினையானது. லினக்ஸில் டேபிளையே இரண்டாகப் பிரிக்க வேண்டிவந்தது. அண்மைக் கதை ஆண்ட்ராய்டு. ஆர்ம் சிப்பில் பேஜ் அளவு 4, 16, 64 கேபி என எதுவாகவும் இருக்கலாம். ஆண்ட்ராய்டு 15 முதல் 16 கேபி பேஜுக்கும் ஆதரவு உண்டு. ‘பேஜ் என்றால் 4 கேபிதானே’ என்று நம்பி சி, சி++ கோடு எழுதிவைத்த ஆப் கம்பெனிகள் எல்லாம் அதைத் திருத்தி மறுபடி பில்டு செய்ய வேண்டியதாயிற்று. உங்கள் மகன் ராத்திரி படிக்கிற அதே விஷயம்தான் இது.

சரி, சோதனைக்கு வருவோம். எக்ஸ்வி6 என்று எம்ஐடி பாடத்துக்காக எழுதிய சின்ன கெர்னல் இருக்கிறது. பழைய பதிப்பு எக்ஸ்86 என்ற இன்டெல் வகை பிராசசருக்கு, இப்போதையது ரிஸ்க்-ஃபைவ் என்ற, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய பிராசசர் வகைக்கு. பழையதில் ரேம் பூஜ்யத்தில் தொடங்கும். கெர்னல் அதை 2 ஜிபி தள்ளி மேப் செய்யும். நிஜ முகவரி வேண்டுமென்றால் 2 ஜிபியைக் கழிக்க வேண்டும். புதியதில் ரேமே 2 ஜிபி முகவரியில்தான் தொடங்குகிறது. கெர்னல் பெரும்பாலும் உள்ளதை உள்ளபடியே மேப் செய்கிறது, கூட்டலும் இல்லை கழித்தலும் இல்லை. “இரண்டிலும் அதே 2 ஜிபி வருகிறதே, ஒன்றுதானா தம்பி?” என்று கேளுங்கள். புரிந்து படித்தவன் பேப்பரை எடுத்துப் படம் போட ஆரம்பிப்பான். மேலோட்டமாகப் பார்த்தவன் “அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுப்பா” என்பான்.

படம் போட்டால் அடுத்து என்ன? வேலைச் சந்தையை உள்ளபடி சொல்கிறேன். பிஎஸ்பி (ஒரு போர்டில் ஓஎஸ் ஓடத் தேவையான அடிப்படைக் கோடு), டிவைஸ் டிரைவர், எம்பெடட் லினக்ஸ் (கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸ்), ஃபர்ம்வேர் என்ற பெயர்களில்தான் இந்த வேலைகள் வரும். சிப் கம்பெனிகள், நெட்வொர்க் கருவி செய்பவர்கள், வண்டிகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் செய்பவர்கள் எடுப்பார்கள். சென்னையில் இருக்கிறது, பெங்களூரு, ஹைதராபாத்தில் அதிகம். ஃபிரெஷருக்கு இடங்கள் குறைவு, போட்டியும் குறைவு. நம் ஊரிலேயே ஐஐடி மெட்ராஸில் ரிஸ்க்-ஃபைவை வைத்து சக்தி என்ற பிராசசரை உருவாக்கியிருக்கிறார்கள்; மத்திய அரசும் 2022-இல் ரிஸ்க்-ஃபைவுக்கென்று தனித் திட்டம் தொடங்கியது. அதனால் எக்ஸ்86-உடன் ரிஸ்க்-ஃபைவையும் சேர்த்துப் படிப்பது நல்லது. ஒரே ஆர்க்கிடெக்சரை (பிராசசர் வகையை) மட்டும் தெரிந்தவனுக்கு எது கெர்னலின் முடிவு, எது சிப்பின் கட்டாயம் என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. இன்டர்வியூவில் அங்கேதான் நோண்டுவார்கள்.

ஆனால் கேம்பஸுக்கு வந்து நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கும் கம்பெனிகள் இதில் ஒரு கேள்விகூடக் கேட்காது. ஆப்டிடியூட், சுமாரான கோடிங், அவ்வளவுதான். அதையும் தினமும் ஒரு மணி நேரம் பார்க்கட்டும். அரியர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஸ்டாண்டிங் அரியர் இருந்தால் பல இடங்களில் உட்காரவே விடமாட்டார்கள், கெர்னல் தெரியும் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. எம்.டெக். சேர்வதற்கான கேட் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் இந்தப் படிப்பு நேரடியாகவே உதவும். 32 பிட் முகவரி, 4 கேபி பேஜ், ஒரு என்ட்ரிக்கு 4 பைட் என்றால் டேபிள் எவ்வளவு என்ற மாதிரிக் கணக்குக்கு, 4 எம்பி என்று யோசிக்காமலே சொல்வான்.

‘நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்’ என்று போர்டு வைத்த எம்பெடட் கோர்ஸுக்குப் பெரிய தொகை கட்ட வேண்டாம். ஓஎஸ் பாடம் என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் இலவசம், வேறொரு பிராசசரை நம் கம்ப்யூட்டரிலேயே நடித்துக்காட்டும் க்யூஎமு எமுலேட்டர் இலவசம், எக்ஸ்வி6 இலவசம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எலக்ட்ரானிக் போர்டு வாங்கித் தரச் சொன்னால், க்யூஎமுவில் எக்ஸ்வி6-ஐ ஓட்டி, அதன் பேஜ் டேபிளை வரிவரியாக பிரின்ட் செய்து காட்டிய பிறகு வாங்கிக் கொடுங்கள்.

ரெஸ்யூமில் ‘கெர்னலில் ஆர்வம்’ என்று எழுத விடாதீர்கள். ‘எக்ஸ்வி6-இல் பேஜ் டேபிளை அச்சிடும் ஃபங்ஷன் எழுதினேன், எக்ஸ்86, ரிஸ்க்-ஃபைவ் இரண்டிலும் ஓடும்’ என்று ஒரு வரி இருக்கட்டும், கோடு வைத்திருக்கும் கிட்ஹப் லிங்க்கோடு.